ஏழு நாளைக்கு விற்ற காம்பரா

பசறையில் பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது. புவனேந்திரன் மட்டும் இன்னும் புது வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. வாசலோரத்துக் குழாயைத் திறந்தான், தண்ணீர் வந்தது, மூடினான். மறுபடியும் திறந்து ஒரு கை அள்ளி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். உள்ளே ஜன்னல் கண்ணாடியில் தெறித்திருந்த பெயின்ட் துளிகளைச் சுரண்டிக்கொண்டிருந்த அவன் மனைவி ஜீவராணி, இன்றைக்கு என்ன கண்டுபிடிக்கப்போகிறான் என்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணியில மருந்து வாசம் அடிக்குது ராணி," என்றான்.

குடிபோகலாம் என்றபோது முதலில் ஆடு சினையாக இருந்தது. அது குட்டி போடட்டும் என்றான். போட்டது, அதுவும் இரட்டைக் குட்டி. பிறகு தோட்டத்துக் கோயில் திருவிழா வந்தது, கமிட்டியில் பேர் கொடுத்திருக்கிறேன் என்றான். தேர் இழுத்து, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, கணக்கும் பார்த்து முடித்தார்கள். அதன் பிறகு டவுனில் ஃபோனுக்கு சிக்னல் கிடைக்காதாம் என்றான். பசறை டவுனில், டவருக்குக் கீழே நின்றுகொண்டு இதைச் சொன்னான். பொய் சொல்லத் தெரியாத இந்த மனுசனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஜீவராணிக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. போக மாட்டேன் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டால் சண்டையாவது போடலாம். அவன் அப்படிச் சொல்ல மாட்டான். தண்ணீரை மோந்து பார்ப்பான்.

அவன் விட்டு வர மறுத்தது நமுனுகுல மலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டின வீடுகளில் ஒன்றான ஒற்றை அறைக் காம்பராவை. முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்னத் திண்ணை, பின்னால் புகை படிந்த சமையல் மூலை, மேலே மழை பெய்தால் பேச்சை விழுங்கிவிடுகிற தகரம். அவனுடைய அப்பா அதில் செத்தார், அம்மா அதில் செத்தாள். ஆனால் அதில் ஒரு அங்குலம்கூட அவன் பெயரில் கிடையாது. சுவர் தோட்டத்தின் சுவர், தகரம் தோட்டத்தின் தகரம், ஆணி மட்டும் அவன் அடித்தது. தோட்டத்து வேலையிலிருந்து அவன் ஓய்வு பெற்றும் சில மாதம் ஆகிறது. இனி அவனை அங்கே கட்டிப் போட எதுவும் இல்லை. பசறையில் ஸஹாப்தீன் நானாவின் ஹார்ட்வெயார் கடைக்குப் பின்னால் இவள் வாங்கிய துண்டு நிலத்தில் எழும்பியிருப்பதோ இரண்டு அறை, டைல்ஸ் தரை, பூட்டினால் பூட்டிக்கொள்கிற கதவு. காணி உறுதிப் பத்திரத்தில் இருவர் பேரும் இருந்தது. அவள் குடும்பத்திலும் அவன் குடும்பத்திலும் பேர் எழுதின முதல் மண் அதுதான். அதைச் சொல்லும்போதெல்லாம் அவள் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும். அவன் தலையைக் குனிந்துகொள்வான்.

அந்த வீட்டுக்காக ஜீவராணி ஒன்பது வருஷம் இஸ்ரேலில், நெத்தானியா என்ற கடற்கரை ஊரில் இருந்தாள். அவ்னர் என்கிற ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியரைப் பராமரிக்கிற வேலை. அவருக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் விளங்காது, நாக்கு மட்டும் இரண்டு ஆள் வேலை பார்க்கும். அவரோடு சண்டை பிடித்துப் பிடித்தே அவள் அந்த பாஷையைக் கற்றுக்கொண்டாள். மழைக்காலம் முடிந்து வெயில் இளசாக வருகிற நாட்களில் அவருக்கு ஒரு மாதம் பிறக்கும், நிசான் என்று பேர். அது பிறந்துவிட்டால் மனுசனைப் பிடிக்க முடியாது. பின்தெருவில் பூத்து நிற்கிற பேரிக்காய் மரத்தடிக்குத் தன்னைத் தள்ளிக்கொண்டு போகச் சொல்வார். அங்கே தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தன் உலகத்தில் எதையும் குறைவைக்காத கடவுளுக்கு வாழ்த்து என்று வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டியதைச் சொல்வார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எந்தக் குறையும் இல்லை என்கிறாரே என்று ஜீவராணி நினைப்பாள். வாயிலும் சொல்வாள். அவர் சிரித்துவிட்டு, மரத்தைப் பார், போன மாதம் விறகு மாதிரி நின்றது என்பார்.

நிசான் யூதர்களுக்கு விடுதலை மாதம். எகிப்தில் அடிமையாய்க் கிடந்த அவர்களுடைய ஜனங்கள் வெளியே வந்தது அந்த மாதத்துப் பௌர்ணமியில்தானாம். வெளியே வருவதற்கு முன்பே கடவுள் அவர்களுக்குக் கொடுத்த முதல் காரியம், இந்த மாதம் உங்களுடையது, இதிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள் என்பதாம். ஏன் முதலில் சோறு கொடுக்கவில்லை, கத்தி கொடுக்கவில்லை என்று அவ்னர் கேட்பார், அவரே பதிலும் சொல்வார். அடிமைக்கு நேரம் சொந்தமில்லை. எப்போது எழும்ப வேண்டும், எப்போது சாப்பிட வேண்டும் என்று இன்னொருத்தன்தான் சொல்வான். நாட்களை எண்ணுகிற உரிமை கையில் வந்த அன்றைக்கே பாதி விடுதலை வந்துவிட்டது. விடிவதற்கு முன் தப்பு மேளம் அடிக்க, அரைத் தூக்கத்தில், மழைக்குத் தலையில் போடுகிற கொங்காணியை மடித்துக்கொண்டு, பேர் பதிந்து வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஓடின தன் அம்மாவை ஜீவராணி நினைத்தாள். அவளுடைய அம்மாவுக்குப் பிறந்த நாள் தெரியாது, பெரட்டு நேரம் தெரியும்.

எல்லாவற்றையும் அவள் இப்படிக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பெசாக் என்கிற அந்தப் பண்டிகையில், புளிக்காத மாவில் சுட்ட ஒரு காய்ந்த ரொட்டியைப் பிட்டுக் காட்டி, இது அடிமைகள் தின்ற ரொட்டி, மறக்காமல் இருக்க ஏழு நாள் தின்கிறோம் என்றார் அவர். "எங்க வீட்டுல வருஷம் பூரா இதத்தான் திங்கிறோம். ஒங்களுக்கு ஏழு நாள்தானா?" என்று இவள் கேட்டாள். அவ்னர் சிரிக்கவில்லை. கையிலிருந்த துண்டை மேசையில் வைத்துவிட்டு, அவளையும் உட்காரச் சொன்னார். அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் அந்த விருந்தில் அவளுக்கும் ஒரு நாற்காலி இருந்தது.

இன்னொன்றும் சொன்னார். எகிப்தை விட்டு எல்லோரும் போகவில்லை, ஐந்தில் ஒரு பங்கு ஜனம்தான் புறப்பட்டது என்று அவர்களில் ஒரு பேச்சு உண்டாம். "கதவு தெறந்து கெடக்குறப்ப யாராச்சும் மாட்டேன்னு சொல்லுவாங்களா?" என்று ஜீவராணி கேலி செய்தாள். ஏன் சொல்ல மாட்டார்கள் என்றார் அவ்னர். அடுப்பு இருக்கிறது, பழகின கிணறு இருக்கிறது, செத்தவர்களைப் புதைத்த இடம் இருக்கிறது. அவர்களைப் பற்றி எங்கள் புத்தகத்தில் ஒரு வரி இல்லை, புத்தகத்தை எழுதினது போனவர்கள்தானே என்றார். அன்றைக்கு அது அவளுக்கு ஒரு வாத்தியாரின் குதர்க்கமாகத்தான் பட்டது. அவர் போய்ச் சேர்ந்து, அவளும் ஊருக்குத் திரும்பி, குழாய்த் தண்ணீரை மோந்து பார்க்கிற புருஷனை ஜன்னல் வழியாகப் பார்க்கிறபோதுதான் அந்த நாலு பங்கு ஜனத்தின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது.

பங்குனி முடிகிற வாரம், நமுனுகுல மலைக்கு மேலே மெல்லிசாகப் பிறை தெரிந்த சாயங்காலத்தில், ஜீவராணி இஸ்தோப்பில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அது நிசான் பிறை என்று அவளுக்குத் தெரியும், அந்த மலையடிவாரத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அப்போதுதான் அவளுக்கு அவ்னர் வீட்டு அலமாரி ஞாபகம் வந்தது.

பெசாக் நாட்களில் அவர்கள் வீட்டில் புளித்த மாவோ அதில் செய்த எதுவுமோ இருக்கக் கூடாது. பிஸ்கட், பாண், நூடுல்ஸ், விஸ்கி எல்லாம் அதில் அடக்கம். வீசி எறிய மனமில்லாதவர்கள் அதையெல்லாம் ஒரு அலமாரியில் பூட்டி, தங்கள் மதத்தைச் சேராத ஒருத்தருக்கு விற்றுவிடுவார்கள். பண்டிகை முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். அக்கம்பக்கத்தவர்கள் குருமாரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட, அவ்னர் மட்டும் வாங்குகிற ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஜீவராணிக்கே விற்பார். அவள் தன் கைக்குட்டையை நீட்ட, அவர் அதைப் பிடித்துத் தூக்க வேண்டும். தூக்கினால் விற்றாயிற்று. சாவி அவள் கைக்கு வரும். முதல் வருஷம் அவள், "நான் திருப்பித் தர மாட்டேன்னு சொன்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டாள். அவ்னர் சந்தோஷத்தில் நாற்காலிக் கையைத் தட்டினார். தராமல் இருக்க உனக்கு முழு உரிமை உண்டு, நீ கட்டாயம் தருவாய் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தால் நான் எதையும் விற்கவே இல்லை என்றுதான் அர்த்தம் என்றார். அவள் ஒவ்வொரு வருஷமும் திருப்பித்தான் கொடுத்தாள். ஒரு வருஷம் மட்டும் ஒரு பிஸ்கட் பெட்டியைத் தின்று தீர்த்தாள். அது என்னுடையதுதானே என்று ஒரு தைரியம்.

"இந்தாங்க," என்றாள் புவனேந்திரனிடம். "நீங்க காம்பராவ விட்டுட்டு வர வேணாம். ஏழு நாளைக்கு வித்துருங்க."

அவன் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தான். "என்னாது?"

அவள் அலமாரிக் கதையைச் சொன்னாள். அவன் தழையை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் குந்தி, கடைசிவரை கேட்டான். விஸ்கி போத்தல் எவ்வளவு பெரிசு என்று நடுவில் ஒரு கேள்வி மட்டும் கேட்டான்.

"அந்தக் காலத்து வெளையாட்டா இது?"

"வெளையாட்டு இல்ல. குடுக்குறப்ப நெசமாவே குடுக்கணும். ஏழு நாள் கழிச்சு நெசமாவே திருப்பி வாங்கிக்கலாம். நம்ம கிரிஷாந்திகிட்ட குடுப்பமே."

கிரிஷாந்தி அவனுடைய தங்கச்சி மகள். அதே லயத்தின் அடுத்த கோடியில் ரஜீவுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். ரஜீவ் தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை செய்தான். அவனுடைய அப்பா, அம்மா, தம்பிமார் எல்லோரும் இருக்கிற காம்பராவில் இந்தப் புதுச்சோடிக்கு ஒரு பழைய சேலைதான் சுவர். அவள் பேரைச் சொன்னதும் புவனேந்திரனின் முகம் இளகிவிட்டது. ஏழு நாளுக்கு அந்தப் புள்ள கால நீட்டிப் படுக்கட்டும் என்றான். எதைச் சொன்னால் இளகுவான் என்று தெரிந்துதான் ஜீவராணி சொன்னாள்.

பால் காய்ச்சுகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் விற்பனை நடந்தது. கைக்குட்டை இல்லை, கிரிஷாந்தி தன் தோளில் கிடந்த துவாயை நீட்டினாள். புவனேந்திரன் அதைப் பிடித்துத் தூக்கினான். ரஜீவ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். புவனேந்திரன் சிரிக்காமல், கதவுச் சாவியை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தான். கொடுத்துவிட்டு ஆட்டையும் குட்டிகளையும் ரஜீவின் அப்பாவிடம் ஒப்படைக்கப் போனான். அவன் தலை மறைந்ததும் ஜீவராணி கிரிஷாந்தியை லயத்துக் கோடியில் தண்ணீர் பிடிக்கிற பீலிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"ஏழு நாள்னு சொல்றதெல்லாம் சும்மா புள்ள," என்றாள். "ஒங்க மாமா மனசாரத்தான் குடுக்குறாரு. வாயத் தொறந்து சொல்ல வெக்கப்படுறாரு, அவ்வளவுதான். இனி அது ஒங்க வீடு. இஷ்டத்துக்கு மாத்திக்கங்க. அவருகிட்ட மட்டும் இதப் பத்திப் பேசாத, கூச்சப்படுவாரு."

கிரிஷாந்தி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். ஜீவராணிக்கும் கண் கலங்கியது. பொய் என்று அவளுக்கு அப்போது தோன்றவே இல்லை. ஒரு சோடிக்கு வீடு கிடைக்கிறது, ஒரு மனுசனுக்கு விடுதலை கிடைக்கிறது, யாருக்கு என்ன நஷ்டம்? போன பிறகு அவன் பழகிக்கொள்வான். அந்த நாலு பங்கு ஜனத்தையும் யாராவது இப்படி ஒரு தந்திரம் செய்து கிளப்பிக்கொண்டு போயிருந்தால் அவர்களும்தானே தப்பியிருப்பார்கள். பீலியடியிலிருந்து திரும்பி வருகிறபோது தன் கெட்டித்தனத்தை நினைத்து அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் பால் நன்றாகப் பொங்கியது. புவனேந்திரன் வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தான். ஸஹாப்தீன் நானா ஒரு சுவர்க் கடிகாரம் கொண்டுவந்து கொடுத்து, புவனம் அண்ணன் இனி நம்ம டவுன் ஆள் என்றார். அவன் எல்லோரிடமும் சிரித்துப் பேசினான். வந்தவர்கள் போன பிறகு, பிளாஸ்டிக் கதிரையின் நுனியில், எழுந்து போகப்போகிறவன் மாதிரி உட்கார்ந்தான். அன்றிலிருந்து அப்படியேதான் உட்கார்ந்தான். விடிவதற்கு முன் எழும்புவான். எழும்பி என்ன செய்வது என்று தெரியாமல் முற்றத்தைக் கூட்டுவான். கூட்டின முற்றத்தில் நின்று, மொனராகலைப் பக்கம் போகிற முதல் பஸ்ஸைப் பார்ப்பான். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பான். ஃப்ரிட்ஜைத் திறப்பதற்கு முன் அவளிடம், தொறக்கவா என்று கேட்பான். ஒரு நாள் அவள் கடைக்குப் போய்வருவதற்குள் கருவாட்டைச் சுட்டுப் புளி கரைத்து ஒரு குழம்பு வைத்திருந்தான். அத்தனை ருசியாக இருந்தது. ஒன்பது வருஷத்தில் அவன் கற்றுக்கொண்ட சமையல். கல்யாணம் கட்டி இத்தனை காலமான புருஷனின் கைப்பக்குவத்தை முதல் தடவையாகச் சாப்பிடுகிறோம் என்று அவளுக்கு உறைத்தது. நல்லாருக்கு என்று சொல்ல வாயெடுத்தவள், அதைச் சொன்னால் அழுகை வந்துவிடும் என்று இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டாள்.

அன்று மத்தியானமே அவள் நேராகக் கேட்டாள். "ஒங்களுக்கு இங்க என்ன கொறச்சல்? வாயத் தொறந்து சொல்லுங்க."

புவனேந்திரன் கதவு நிலையைத் தடவிக்கொண்டிருந்தான். தடவிக்கொண்டே சொன்னான். "ஒரு கொறச்சலும் இல்ல ராணி. அங்க நீ இல்லாம இருந்து பழகிட்டேன். மொத வருஷம் பைத்தியம் புடிக்கிற மாதிரி இருந்துச்சு. அப்பறம் அந்தக் காம்பராவே தொணையா போச்சு. அடுப்ப மூட்டி ஒக்காந்தா, அதுகிட்டதான் பேசுவேன். நீ ஞாயித்துக்கெழம ஃபோன்ல பேசுவ, மத்த நாளெல்லாம் நான் அதுகிட்டதான் பேசுனேன். இப்ப நீ எதிர்லயே இருக்க. ஒங்கிட்ட என்ன பேசுறதுன்னு எனக்குத் தெரியல."

கோபத்தில் சொல்லியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். ஒரு சாமான் வைத்த இடத்தை மறந்துவிட்டவன் தேடுகிற குரலில் சொன்னான். விடுதலைக்குப் போனவள் தான்தான் என்றும், இத்தனை வருஷமும் இவனைத் தூக்கிக்கொண்டு வரத்தான் போனோம் என்றும் அவள் நினைத்திருந்தாள். இவனோ அவள் போன வழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து, உட்கார்ந்த இடத்தையே பொண்டாட்டி ஆக்கிக்கொண்டிருந்தான். அவள் எழும்பினாள். பின்பக்கம் போய் கிரிஷாந்திக்கு ஃபோன் எடுத்தாள். ஏழு நாளில் சாவியைக் கொடுத்துவிடு புள்ள, நான் சொன்னது தப்பு என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் எடுத்தாள்.

"அத்த!" என்றாள் கிரிஷாந்தி. பின்னால் ரஜீவ் ஏதோ பாடுகிற சத்தம் கேட்டது. "பெயின்ட் அடிச்சிக்கிட்டு இருக்கோம் அத்த. நீலம். அவரு லீவு போட்டுட்டாரு. மூஞ்சியெல்லாம் நீலமா நிக்கிறாரு."

"சரி புள்ள," என்றாள் ஜீவராணி. "சும்மாதான் எடுத்தேன்." நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்துவிட்டாள். நாளைக்கும் அதையேதான் நினைத்தாள்.

ஏழு நாளும் முடிந்த காலையில் புவனேந்திரன் குளித்து, திருவிழாச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். பசறைக்கு வந்த பிறகு அவன் முகத்தில் அப்படியொரு தெளிவை அவள் பார்க்கவில்லை.

"வா, போய் சாவிய வாங்கிட்டு வந்துருவோம்," என்றான். அவள் முகம் மாறுவதைப் பார்த்துவிட்டு அவனே அவசரமாகச் சொன்னான். "நீ பயப்படாத. நான் அங்க இருக்கப் போகல. நல்லா யோசிச்சுப் பாத்துட்டேன். அந்தப் புள்ளைங்களே இருக்கட்டும். சாவி மட்டும் எங்கிட்ட இருந்தா போதும். போகணும்னா போகலாம்னு இருந்துச்சுன்னா நான் போகவே மாட்டேன் ராணி. இங்கயே ஒங்கூட இருந்துக்குவேன்."

அவனாகவே பாதி வழி வந்துவிட்டிருந்தான். யாரும் தள்ளாமல், இழுக்காமல், தனக்குத் தெரிந்த வேகத்தில் வந்திருந்தான். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் முழுசாக வந்திருப்பான். நிசானைப் பற்றி ஒன்பது வருஷம் கேட்டும், போக வேண்டும் என்று ஒருத்தனுக்குத் தானாகத் தோன்ற வேண்டும் என்கிற சின்ன விஷயம் தன் மண்டையில் ஏறவில்லையே என்று நினைத்தாள். பஸ் ஏறுவதற்கு முன் சொல்லிவிடலாம். பஸ்ஸில் சொல்லலாம். பஸ் வளைவுகளில் ஆடி ஆடி மலையேறியது, அவன் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, எந்த மலையில் கொழுந்து எடுக்கிறார்கள், எங்கே செடிகளைக் கட்டையாகக் கவ்வாத்து வெட்டிவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தான். அவ்வளவு பேசுகிறவனை அவள் எப்படி நிறுத்துவாள்? நிறுத்தியிருக்க வேண்டும். அவளுக்குத் தைரியம் வரவில்லை, அதுதான் உண்மை. இறங்கின இடத்துக் கடையில் அவன் ஒரு சீப்பு கோழிக்கூட்டு வாழைப்பழம் வாங்கினான். பழம் வாங்குவது அடுத்தவர் வீட்டுக்குப் போகிறபோதுதான். அவனுக்கு அது தோன்றவில்லை, கை தானாக வாங்கியது. அவளுக்குத் தோன்றியது.

கதவு திறந்தே கிடந்தது. உள்ளே நீலம் பளிச்சென்று அடித்திருந்தது. கிரிஷாந்தி ஓடிவந்து பழத்தை வாங்கிக்கொண்டாள். "வாங்க மாமா, வாங்க அத்த, உள்ள வாங்க, உக்காருங்க மாமா," என்று இருந்த ஒரே கதிரையைத் துடைத்துப் போட்டாள். ரஜீவ் வேலைக்குப் போயிருந்தான். புவனேந்திரன் அடித்த ஆணியில் ரஜீவின் சட்டை தொங்கியது. புவனேந்திரன் சிரித்துக்கொண்டே சுவரைப் பார்த்தான், நல்ல கலர் என்றான். பிறகு அவன் கண் பின்பக்கம் போய் நின்றது.

அடுப்பு இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. தரையோடு தரையாக இடித்து, சிமெந்து பூசி, காயட்டும் என்று மேலே ஈரச் சாக்கு விரித்திருந்தார்கள். பக்கத்தில் பலகைமேல் ஒரு சின்ன கேஸ் அடுப்பு இருந்தது.

"புகை நெஞ்ச அடைக்குதுன்னு இடிச்சிட்டோம் மாமா," என்றாள் கிரிஷாந்தி. அவன் அசையாமல் நிற்பதைப் பார்த்து, பேசக் கூடாது என்று அத்தை சொன்னதெல்லாம் அவளுக்கு மறந்துபோயிருக்க வேண்டும். "ஏழு நாள்னு நீங்க சொன்னதும் நான் நம்பிட்டேன் மாமா. அத்த தான் அப்பறமா சொன்னாங்க, மாமா மனசாரக் குடுக்குறாரு, சொல்லத்தான் வெக்கப்படுறாருன்னு. நீங்க நல்லா இருக்கணும் மாமா." சட்டென்று குனிந்து அவன் காலைத் தொட்டாள்.

புவனேந்திரன் ஜீவராணியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவள் பின்னால் பல தடவை நினைத்தாள். அவன் கிரிஷாந்தியின் தலையில் கை வைத்தான். கை கொஞ்சநேரம் அங்கேயே இருந்தது.

"ஆமாம்மா," என்றான். "மனசாரத்தான் குடுத்தேன்."

பொய் சொல்லத் தெரியாதவன் அதைத் தடுமாறாமல் சொன்னான். கிரிஷாந்தி போட்டுக் கொடுத்த தேத்தண்ணியைக் கதிரையில் உட்கார்ந்து முழுசாகக் குடித்தான். சிமெந்து நன்றாகக் காயும்வரை மிதிக்க வேண்டாம் என்றான். மழைக்காலத்தில் எந்தத் தகரம் ஒழுகும், அதற்கு எந்த இடத்தில் தார் வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தான். ஜீவராணி கதவோரத்தில் நின்றுகொண்டே இருந்தாள். அவளுக்கு உட்கார இடம் இருக்கவில்லை. தேத்தண்ணி அவள் கையில் ஆறிப்போனது.

வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு, "போயிட்டு வாறோம் புள்ள," என்றான். ஆட்டைப் பார்க்கப் போகவில்லை. லயத்து ஆட்கள் இரண்டு பேர் குரல் கொடுத்தார்கள், கையைத் தூக்கிக் காட்டிவிட்டு நடந்தான். பஸ் ரோட்டுக்கு இறங்குகிற குறுக்குப் பாதையில் அவன் முன்னால் போக, அவள் பின்னால் போனாள். "என்னங்க," என்று கூப்பிட்டாள். சத்தம் வெளியே வந்ததா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. மறுபடி கூப்பிட்டாள். அவன் நின்றான். பாதை அந்த இடத்தில் ஒரு ஆள் மட்டும் போகிற அகலம். எதிரில் முன்பின் தெரியாத பொம்பளை யாரும் வந்தால் தோட்டத்து ஆம்பிளைகள் ஒதுங்கி நிற்பார்கள். அப்படி அவன் பாதையை விட்டு இறங்கி, தேயிலைச் செடிகளுக்குள் இடுப்பளவு நின்று, பாதையில் நீட்டிக்கொண்டிருந்த கிளை ஒன்றை அவள்மேல் படாமல் ஒரு கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, அவள் கடந்து போவதற்காகக் காத்திருந்தான்.